குழந்தைப் பாட்டு என்றால் இளக்காரமா?

பாரசீக இலக்கியம் என்றால் ஃபிர்தௌசி, ஸஅதி, ஹாஃபிஸ், ரூமி. அதற்குமேல் என்ன இருக்கிறது என்று கேட்கிறார் படித்த நண்பர் ஒருவர். இரானின் அப்பாஸ் யமீனி ஷரீஃப் பற்றி நான் பேச்செடுத்ததும் உதட்டைப் பிதுக்கினார். "பள்ளிக்கூடப் புஸ்தகத்துக்குப் பாட்டு எழுதினவர்தானே?" என்றார். ஆமாம் ஐயா, அவரேதான். அந்த 'தானே' என்ற சொல்லுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

யமீனி ஷரீஃப் 1919-இல் தெஹ்ரானில் பிறந்தவர். அவருக்கு முந்தைய தலைமுறைகளில் இரானியக் குழந்தை எதைப் படித்தது? மக்தப் என்ற திண்ணைப் பள்ளியில் முதலில் குர்ஆன் ஓதும். அப்புறம் ஸஅதியின் 'குலிஸ்தான்'. 1258-இல் எழுதப்பட்ட நூல் அது. அரசர்களுக்கும் துறவிகளுக்கும் ஊர் சுற்றிகளுக்கும் நடந்தவற்றைப் பெரியவர்களுக்குப் பெரியவர் ஒருவர் சொன்னது. அதன் அழகில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன விளங்கும்? பிரம்பு விளங்கும்.

விளங்காமல் ஒப்பிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் படித்தது பிரெஞ்சு எக்கோலில். லா ஃபொந்தேன் எழுதிய காகமும் நரியும் கதையைக் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தவர்கள் நாங்கள். அதில் காகத்தை 'மேத்ர்' என்று அழைப்பார் கவிஞர். எங்கள் வாத்தியாரும் மேத்ர். காகம் எப்படி வாத்தியார் ஆனது என்று கேட்க ஒருவனுக்கும் தைரியம் இல்லை. அதன் வாயில் இருந்த ஃபுரோமாழை, அதாவது பாலாடைக்கட்டியை, எங்களில் பாதிப் பேர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், ரூஸோ 1762-இலேயே 'எமீல்' நூலில் இதே பாட்டை வரிவரியாகப் பிய்த்துப் போட்டு, இது குழந்தைக்கு எப்படிப் புரியும் என்று கேட்டுவிட்டார். இருநூறு வருஷம் கழித்தும் அது எங்கள் எக்கோலின் காதில் விழவில்லை!

அதே பாட்டைப் பாரசீகத்தில் தந்தவர் ஹபீப் யக்மாயி. அது இரானியப் பள்ளிப் பாடத்தில் நிலைத்துவிட்டது. அங்கே காலைச் சாப்பாடே ரொட்டியும் பனீரும்தான். காகத்தின் வாயில் பனீர் இருந்தால் எந்தப் பிள்ளைக்கும் விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சமாளிக்க முடியுமா? சொந்தமாக எழுதவும் ஆள் வேண்டும்.

அப்படி வந்தவர்களில் மூத்தவர் ஜப்பார் பாக்சேபான். யெரெவானில் பிறந்து தப்ரீஸுக்கு வந்து, 1924-இல் அங்கே மழலையர் பள்ளி தொடங்கினார். அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயர். தோட்டக்காரன் என்று பொருள்படும் பாக்சேபானையே தமக்குக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார். காது கேளாத பிள்ளைகளுக்கு இரானில் முதலில் கல்வி கொடுத்தவரும் இவர்தான். சொல்லிக்கொடுக்கப் புத்தகம் இல்லையென்று பாட்டு, விடுகதை, நாடகம் எல்லாம் தாமே எழுதினார்.

அந்தச் சிறு வாய்க்காலை ஆறாக்கியவர் யமீனி ஷரீஃப். அவரும் வாத்தியார்தான். அமெரிக்கா போய்க் கல்வியியல் படித்துவிட்டு வந்து சொந்தமாகப் பள்ளி நடத்தினார். 1956-இல் 'கைஹான் பச்சேஹா' என்ற குழந்தைகள் வாரப் பத்திரிகை தொடங்கியபோது அதன் ஆசிரியப் பொறுப்பில் அமர்ந்தார். 1962-இல் இரானின் குழந்தை நூல் மன்றம் அமைந்தபோது அதை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். புத்தகமே வாய் திறந்து, நான் உன் அன்பான சிநேகிதன் என்று குழந்தையிடம் பேசுவதாக அவர் எழுதிய பாட்டு, இரானில் பள்ளிக்கூடம் போன தலைமுறைகளுக்கு மனப்பாடம்.

அதில் என்ன பெரிய கவித்துவம் என்பார்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைலில் குறிப்பு எழுதியவன். மேலதிகாரிக்குக் கடினமான நடையில் எழுதுவது சுலபம். பென்ஷன் கேட்டு வந்த விதவைக் கிழவிக்குப் புரிகிற மாதிரி நாலு வரி எழுதுவதற்குத்தான் வேர்க்கும். பாரசீகத்திலும் நம்மைப் போலவே ஏட்டுமொழி வேறு, வீட்டுமொழி வேறு. இரண்டுக்கும் நடுவே குழந்தை ஏறிப்போக ஒரு படிக்கட்டு வேண்டும். சின்னச் சந்தம், வீட்டில் புழங்குகிற சொல், கண்ணெதிரே இருக்கிற பொருள் இவற்றை வைத்துத்தான் அவர் அந்தப் படிக்கட்டைக் கட்டினார்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. கையைக் கழுவு, அப்பா அம்மா சொல் கேள், சத்தம் போடாதே என்று போதிப்பதெல்லாம் ஓர் இலக்கியமா என்று கேட்டார் சமத் பெஹ்ரங்கி. இது லேசான ஆள் சொன்னதல்ல. அஸர்பைஜான் பகுதிக் கிராமங்களில் வாத்தியாராக இருந்து, காலில் செருப்பில்லாத பிள்ளைகளோடு வாழ்ந்தவர். 1968-இல் 'சின்னக் கறுப்பு மீன்' எழுதி, அதே வருஷம் அரஸ் ஆற்றில் மூழ்கிப் போனவர். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. போதனை மிஞ்சிய பாட்டுகள் அந்தக் காலத்தில் ஏராளம்; யமீனி ஷரீஃபிடமும் உண்டு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பெஹ்ரங்கியின் பிள்ளைகள் வீட்டில் பேசியது துருக்கி மொழி. பாரசீகம் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்த மொழி, எனக்குப் பிரெஞ்சு வந்து சேர்ந்த மாதிரி. எளிய பாரசீகம் யாரைவிடவும் அவர்களுக்கல்லவா தேவை? கறுப்பு மீனைப் படிக்க முதலில் படிக்கத் தெரிய வேண்டாமா?

இன்று இரானியக் குழந்தை இலக்கியம் என்றால் உலகம் 1965-இல் அரண்மனை ஆதரவோடு பிறந்த 'கானூன்' நிறுவனத்தைத்தான் காட்டுகிறது. கறுப்பு மீனை வெளியிட்டது அதுதான். அதற்குப் படம் போட்ட ஃபர்ஷீத் மெஸ்காலி 1974-இல் ஆண்டர்சன் விருதும் வாங்கினார். நல்லது. ஆனால் பணமும் வண்ண அச்சும் வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே, கடையில் வாரப் பத்திரிகை கேட்டு நின்ற பிள்ளைகளை உண்டாக்கியது யார்?

'இரானியக் குழந்தைப் பாட்டின் தகப்பன்' என்ற பட்டத்தைப் பின்னால் வந்த மஹ்மூத் கியானூஷுக்குக் கொடுக்கிறார்கள். அவர் தேர்ந்த கவிஞர், குழந்தைப் பாட்டின் இலக்கணத்தையே ஆராய்ந்தவர். கொடுக்கட்டும், எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அந்தத் தகப்பன் பிறந்தது 1934-இல். அவர் எழுத வந்தபோது வீட்டில் ஏற்கெனவே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. 1989-இல் இறந்துபோன அந்த வாத்தியார் மூட்டிய அடுப்பு அது.