வேகம் குற்றமாகும்போது

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், அதிவேகமாக வாகனம் ஓட்டுவோருக்கு எதிரான கடுமையான சட்டம் 2025 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வேக வரம்பைவிட மணிக்கு 50 மைல் (சுமார் 80 கி.மீ.) அல்லது அதற்கு மேல் கூடுதலாகச் செல்வதும், பிறருக்கு ஆபத்து விளையும் வகையில் 100 மைல் வேகத்தை எட்டுவதும் குற்றம். முதல் முறை 30 நாள் வரை சிறை, அல்லது 500 டாலர் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 90 நாள் வரை சிறை, 1,000 டாலர் அபராதம். ஐந்தாண்டுகளுக்குள் மீண்டும் பிடிபட்டால் ஓட்டுநர் உரிமமும் பறிபோகும்.

யாரும் அடிபடவில்லையே, சிறை எதற்கு என்று சிலர் கேட்கலாம். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அந்த வேகத்தில் யாரும் சாகாதது ஓட்டுநரின் திறமையால் அல்ல. மேலும், வசதியுள்ளவருக்கு அபராதம் ஒரு கட்டணம் மட்டுமே. சிறை நாள்களோ எல்லாருக்கும் ஒன்றுதான்.

திருச்சபையின் பார்வையும் இதுவே. வேக மோகத்தால் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவோர் கனமான குற்றத்திற்கு ஆளாகிறார்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2290) கற்பிக்கிறது. விபத்து நடந்தால்தான் குற்றம் என்று அது சொல்லவில்லை. 2007-இல் திருப்பீடம் ஓட்டுநர்களுக்கு வழங்கிய பத்துக் கட்டளைகளில் முதலாவது, கொலை செய்யாதிருப்பதே.

இந்தச் சட்டம் 50 மைல் வரை காத்திருக்கிறது. மனச்சான்று அவ்வளவு காத்திருக்கலாமா? எதிரே வருபவரும் நம் அயலாரே. திருப்பலிக்கே நேரமானாலும், அவருடைய உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை. சற்று முன்னதாகவே புறப்படுவோம்.