17 வயசுக்கு மேல பாஸிங் கத்துக்க முடியுமா? திருவனந்தபுரம் கடற்கரைப் பசங்க முன்னால் நிற்கும் கேள்வி

கேரளா–தமிழ்நாடு எல்லையை ஒட்டி, நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறுக்குத் தெற்கே இருக்கிறது பொழியூர். மீனவ கிராமம். சந்தோஷ் டிராபி ஆடிய வீரர்கள் இந்த ஊரில் பலர். கேரளா 2018 ஏப்ரல் 1-ம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மேற்கு வங்கத்தை பெனால்டி ஷூட்-அவுட்டில் வீழ்த்தி, 2004-05-க்குப் பிறகு முதல்முறையாக சந்தோஷ் டிராபியை வென்றதே, நினைவிருக்கா? அந்த அணியில் ஆடிய சீசன் பொழியூர்க்காரர். பயிற்சியாளர் சதீவன் பாலனும் திருவனந்தபுரத்துக்காரர்தான்.

திறமைக்குக் குறைவில்லை. ஆனால் 17, 18 வயதில் ஒரு கிளப் டிரையலுக்குப் போகும் பையனிடம் இப்போது கேட்கப்படும் கேள்வி வேறு. "எவ்வளவு வேகமா ஓடுவே?" என்பது மட்டும் போதாது. "மூணு பேர் உன்னைச் சுத்தி நிக்கும்போது பந்தை இழக்காம இருப்பியா?" என்பதும் சேர்ந்துகொண்டது. பந்தைத் தக்கவைப்பது, அதாவது பொசெஷன். இதை இந்த வயதில் கற்றுக்கொடுக்க முடியுமா? எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

இது ஏன் இப்போ முக்கியம்?

ஒரு தலைமுறைக்கு முன்பு, திருவனந்தபுரத்தில் நல்லா ஃபுட்பால் ஆடினால் அரசு வேலை என்பது ஒரு தெளிவான பாதை. ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், டிராவன்கூர் டைட்டானியம், ஏஜீஸ் ஆபீஸ், கேரளா போலீஸ் என டிபார்ட்மென்ட் அணிகள் வரிசையாக இருந்தன. கேரளா போலீஸ் அணி 1990, 1991 என அடுத்தடுத்து ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. விளையாட்டு கோட்டாவில் வேலை கிடைத்தால், ஃபுட்பால் நின்ற பிறகும் மாதச் சம்பளம் வரும்.

அந்தப் பாதை குறுகிவிட்டது. எஸ்.பி.டி. வங்கியே 2017 ஏப்ரலில் எஸ்.பி.ஐ.யோடு இணைந்துவிட்டது. இன்னொரு பக்கம், 2024-ல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளா புதிய கதவைத் திறந்தது. ஆறு அணிகளில் ஒன்று திருவனந்தபுரம் கொம்பன்ஸ். முதல் சீசனில் பிரேசில் பயிற்சியாளர், பிரேசில் வீரர்கள், சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் ஹோம் மேட்ச். ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக் போன்ற இளைஞர் லீக்குகளும் வந்துவிட்டன.

கிளப் ஒப்பந்தம் என்பது டிபார்ட்மென்ட் வேலை மாதிரி நிலையானது இல்லை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்தி வைக்கப்பட்டதைப் பார்த்தோம். ஆக, ஒரு மீனவக் குடும்பத்துப் பையனுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு டிரையல்கள். அதில் ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் அவன் பந்தை எத்தனை முறை இழக்கிறான் என்பதை யாரோ ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார்.

மணல் என்ன கத்துக்கொடுக்குது? எதை விட்டுடுது?

மணலில் பந்து உருளாது. தரையோடு கொடுக்கும் பாஸ் பாதியிலேயே நின்றுவிடும். அதனால் கடற்கரையில் வளரும் பசங்க பந்தைத் தூக்கி ஆடுவார்கள், காலோடு ஒட்டி எடுத்துப் போவார்கள், காற்றில் வரும் பந்தை மார்பில் வாங்கி அப்படியே அடிப்பார்கள். காலில் வலு ஏறும், பேலன்ஸ் அபாரமாக இருக்கும். 2023-ல் சூரத்தில் நடந்த முதல் தேசிய பீச் சாக்கர் சாம்பியன்ஷிப்பை கேரளா வென்றதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் புல்தரையில், 11 பேர் ஆட்டத்தில், வேறு சில பழக்கங்களும் தேவை:

- சரியான வேகத்தில் தரையோடு பாஸ்
- பந்து வருவதற்கு முன்பே உடம்பைத் திருப்பி வைத்திருப்பது
- பந்து தன்னிடம் இல்லாதபோது, பாஸ் வாங்கத் தோதான இடத்துக்கு நகர்வது

மூன்றாவதுதான் கஷ்டம். ஒரு மேட்ச்சில் ஒரு வீரரின் காலில் பந்து இருப்பது சில நிமிடங்கள்தான். மீதி நேரம் முழுக்க அவர் பந்து இல்லாமல்தான் ஆடுகிறார். கடற்கரையில் ஆடும்போது, "இப்போ எங்கே நிற்கணும்?" என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொரு சிக்கல் வயது சார்ந்தது. 13, 14 வயதில் சீக்கிரம் வளர்ந்த பையன், எல்லோரையும் ஓடியே தாண்டிவிடுவான். அவனுக்கு பாஸ் தேவைப்பட்டதே இல்லை. 17 வயதில் மற்றவர்களும் வளர்ந்து, அவன் வேகத்துக்கு வந்துவிடுவார்கள். அதுவரை அவனைக் காப்பாற்றிய ஆயுதம் திடீரென மழுங்கிவிடும். ஜூனியர் லெவலில் ஸ்டாராக இருந்த பலர் 19 வயதில் காணாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்போ 17 வயசு லேட்டா?

பந்தைத் தொடும் நுணுக்கத்துக்குச் சின்ன வயசுதான் பெஸ்ட். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பொசெஷன் ஆட்டத்தில் பாதி விஷயம் கண்ணுக்கும் மூளைக்கும் சேர்ந்தது. அதை 17 வயதிலும் வளர்க்கலாம். சொல்லப்போனால், "ஏன் இந்த இடத்தில் நிற்கணும்?" என்று விளக்கினால் புரிந்துகொள்ளும் பக்குவம் 10 வயதுப் பையனைவிட 17 வயதுக்காரனுக்கு அதிகம்.

நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகளாக ஆராய்வது ஒரு சிம்பிளான விஷயத்தை. பந்து வருவதற்கு முன் ஒரு வீரர் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்க்கிறார் என்பதுதான் அது. இங்கிலீஷ் பிரீமியர் லீக் மிட்ஃபீல்டர்களை வைத்துப் பார்த்தபோது, அதிகம் சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ் சரியாகப் போய்ச் சேரும் விகிதமும் அதிகமாக இருந்தது. இதற்குப் பெயர் ஸ்கேனிங். இதைப் பழக்க விலை உயர்ந்த உபகரணம் எதுவும் வேண்டாம். பந்து வரும் வழியில் இருக்கும்போது, பயிற்சியாளர் பின்னால் நின்று ஒரு கலர் கோனைத் தூக்கிக் காட்டி, "என்ன கலர்?" என்று கேட்டாலே போதும், தொடங்கிவிடலாம்.

எப்படிக் கத்துக்கொடுக்கிறாங்க?

உலகம் முழுக்கப் பரவிய வழி சின்னதிலிருந்து பெரியதுக்குப் போவது. 1988 முதல் 1996 வரை பார்சிலோனாவின் பயிற்சியாளராக இருந்த யோஹான் கிராய்ஃப் காலத்தில் புகழ்பெற்ற 'ரோண்டோ'தான் முதல் படி.

1. ரோண்டோ: நாலு பேர் சுற்றி நிற்க, நடுவில் ரெண்டு பேர். சுமார் 8 மீட்டர் சதுரம். பந்தை இழந்தவர் நடுவில் போகணும். வார்ம்-அப் ஜாலியாக மட்டும் இதை ஆடினால் பலன் குறைவு. நடுவில் இருக்கும் இருவருக்கும் இடையே ஊடுருவிப் போகும் பாஸுக்குத் தனி பாயின்ட் கொடுத்தால்தான், பசங்க பாதுகாப்பான பாஸைத் தாண்டி யோசிப்பார்கள்.

2. நாலுக்கு நாலு, கூடவே மூணு பேர்: சுமார் 30-க்கு 20 மீட்டர் கட்டம். மூன்று நடுநிலை வீரர்கள் எப்போதும் பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆடுவார்கள். ஆக, பந்து இருக்கும் அணி 7, இல்லாத அணி 4. பந்து கைமாறியதும் வேலையும் மாறும். பந்தை இழந்த அணி உடனே துரத்தணும். முதல் ஐந்தாறு விநாடிகள்தான் உயிர்நாடி. பந்தைப் பறித்தவர் இன்னும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்.

3. திசை உள்ள ஆட்டம்: ஏழுக்கு ஏழு. இரு பக்கமும் ஒரு எல்லைப் பகுதி. அதற்குள் ஓடும் சக வீரருக்கு பாஸ் கொடுத்தால் கோல். "பந்தை வச்சுக்கோ" என்பது இங்கேதான் "முன்னாடி கொண்டு போறதுக்காக வச்சுக்கோ" என்று மாறுகிறது.

4. கோல்கீப்பரோடு முழு ஆட்டம்: 2019 ஜூன் முதல் விதி மாறியது. கோல்கிக் எடுக்கும்போது பந்து பெனால்டி ஏரியாவைத் தாண்டணும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் கீப்பரும் இரண்டு டிஃபெண்டர்களும் ஏரியாவுக்குள்ளேயே பாஸைத் தொடங்கலாம். எதிரணியை மேலே இழுத்துவிட்டு, பின்னால் காலியாகும் இடத்தில் ஆடும் உத்தி இதனால் சுலபமானது.

இதில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று உண்டு. எல்லா டிரில்லிலும் "ரெண்டே டச்" என்று கட்டாயப்படுத்துவது. கடற்கரையிலிருந்து வரும் பையனின் சொத்தே டிரிபிளிங்தான். அதைப் பூட்டிவைத்துவிட்டு பாஸ் மட்டும் கத்துக்கொடுத்தால், அவன் சராசரி மிட்ஃபீல்டராகத்தான் வெளியே வருவான். எதிரே ஒருத்தன்தான் இருக்கான் என்றால் டிரிபிள் பண்ணு, ரெண்டாவது ஆள் வந்தால் அவன் விட்டுட்டு வந்த இடத்துக்கு பாஸ் பண்ணு. கத்துக்கொடுக்க வேண்டியது இந்த முடிவெடுக்கும் திறனைத்தான்.

இன்னொரு தப்பு, கோட்டுக்கு வெளியே நின்று 90 நிமிடமும் "பாஸ் பண்ணு... பாஸ் பண்ணு" என்று கத்துவது. அப்படி வளரும் பையன், டிரையலில் கத்த ஆள் இல்லாதபோது உறைந்துபோவான். ஆட்டத்தை நிறுத்தி, "இப்போ உனக்கு யார் ஃப்ரீயா இருந்தா?" என்று கேட்பது மெதுவான வழி. ஆனால் அதுதான் நிலைக்கும்.

பாஸ் பண்ணிக்கிட்டே இருந்தா ஜெயிச்சிடலாமா?

இல்லை. 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராக ஸ்பெயின் 1,000-க்கும் மேற்பட்ட பாஸ்கள் கொடுத்தது. ஆட்டம் 1-1. பெனால்டியில் ஸ்பெயின் வெளியேறியது. 2022-ல் ஜப்பான் வெறும் 17.7% பொசெஷனோடு அதே ஸ்பெயினை 2-1 என்று வீழ்த்தியது. பல டேட்டா நிறுவனங்கள் டிவியில் காட்டும் பொசெஷன் சதவீதமே பாஸ் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுவதுதான். டிஃபெண்டர்கள் தங்களுக்குள் பந்தை உருட்டிக்கொண்டிருந்தாலும் அது ஏறும்.

2024 யூரோ கோப்பையை ஸ்பெயின் வென்றபோது, பாஸிங் இருந்தது. கூடவே லமீன் யமால், நிகோ வில்லியம்ஸ் என்று இரு பக்கமும் டிஃபெண்டரை நேருக்கு நேர் தாண்டும் விங்கர்களும் இருந்தார்கள். பொழியூர், விழிஞ்ஞம் பசங்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதும் தேவைதான்.

திருவனந்தபுரத்தில் பொசெஷனுக்கு இன்னொரு நடைமுறை நியாயமும் உண்டு. வெயிலும் புழுக்கமும். 90 நிமிடம் பந்தைத் துரத்திக்கொண்டே இருந்தால் 70-வது நிமிடத்தில் கால் இழுத்துவிடும். பந்து நம்மிடம் இருந்தால் ஓடி ஓய்வது எதிரணி.

நம்ம பக்கம் இதுக்கு உதாரணம் இருக்கா?

இருக்கு. பொழியூரைத் தாண்டினால் நீரோடி, அடுத்தடுத்து தூத்தூர் வட்டார மீனவ கிராமங்கள். கன்னியாகுமரி மாவட்டம். மொழி மாறினாலும் கடலும் ஃபுட்பாலும் ஒன்றுதான். இங்கிருந்து போன மைக்கேல் சூசைராஜ் இந்தியாவுக்காகவே ஆடினார்.

2018-19 ஐ-லீக்கை சென்னை சிட்டி எஃப்.சி. வென்றது நினைவிருக்கலாம். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். நடுவில் ஸ்பெயின் வீரர்கள், தரையோடு பாஸிங். அந்த அணியில் சூசைராஜின் சகோதரர் ரெஜின், விங்கர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று குமரிக் கடற்கரைப் பசங்களும் ஆடினார்கள். பந்தைத் தக்கவைக்கத் தெரிந்த நடுவரிசை இருந்தால், கடற்கரை வேகம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அந்த சீசன் சாட்சி.

தடை எங்கே இருக்கு?

முதல் தடை, நாக்-அவுட் டோர்னமென்ட். ஒரு மேட்ச் தோற்றால் வீட்டுக்குப் போகணும் என்ற நிலையில், எந்தப் பயிற்சியாளரும் "பின்னாலிருந்து பாஸ் பண்ணி ஆடுங்க" என்று ரிஸ்க் எடுக்கத் தயங்குவார். நீளமாக அடித்துவிட்டு ஓடுவதுதான் சேஃப். தப்பு செய்து கத்துக்கொள்ள, மாதக்கணக்கில் நடக்கும் லீக் வேண்டும்.

இரண்டாவது, இடம். சங்குமுகம் உட்பட மாவட்டத்தின் பல கடற்கரைகளைக் கடலரிப்பு தின்றுகொண்டிருக்கிறது. ஆடிய மணலே சுருங்குகிறது. நகரத்தில் டர்ஃப்கள் பெருகியிருக்கின்றன, ஆனால் மணிக்கு வாடகை. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம் என்று மழைக்காலமும் இரண்டு. சேற்று மைதானத்தில் பாஸிங் டிரில் நடத்திப் பாருங்க, புரியும்.

மூன்றாவது, பயிற்சியாளர்கள். ஜி.வி. ராஜா ஸ்போர்ட்ஸ் ஸ்கூல், காரியவட்டத்தில் எல்.என்.சி.பி.இ. என்று நிறுவனங்கள் மாவட்டத்தில் உண்டு. கோவளம் எஃப்.சி., லிஃபா போன்ற அகாடமிகள் கடற்கரைப் பசங்களோடு வேலை செய்கின்றன. ஆனால் பள்ளி முடித்து, 18 வயதில், எந்த அகாடமியிலும் இல்லாமல் காலையில் கடலுக்கும் மாலையில் மைதானத்துக்கும் போகிற பையனுக்கு யார் கத்துக்கொடுப்பது? வயது வரம்பு தாண்டிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அவனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறோம்.

நீங்க என்ன கவனிக்கலாம்?

டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவரா? வார இறுதியில் டர்ஃப் புக் பண்ணி ஆடுபவரா? அடுத்த முறை மூன்று விஷயங்களைக் கவனியுங்க. பந்து வருவதற்கு முன் யார் திரும்பிப் பார்க்கிறார்? பாஸ் கொடுத்துவிட்டு யார் நிற்கிறார், யார் நகர்கிறார்? பந்தை இழந்த அடுத்த ஐந்து விநாடியில் யார் துரத்துகிறார்? உங்க டீமின் உண்மையான பிளேமேக்கர் யார் என்று தெரிந்துவிடும்.

அதே கண்ணோடு ஒரு நாள் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்துக்கோ, ஏதாவது ஒரு அண்டர்-19 மேட்ச்சுக்கோ போய்ப் பாருங்க. பந்தை இழந்த பையனைப் பார்த்து கேலரியிலிருந்து "அடிச்சு விடுடா" என்று கத்துவதை நிறுத்தினாலே, அவன் அடுத்த முறை தலை நிமிர்ந்து பார்க்க ஒரு விநாடி கிடைக்கும்.