உளூவுக்குச் சலுகை உண்டு. நோய்க்கு வைத்தியமும் உண்டு



காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அப்பேருந்துப் பயணத்திற்கு அஞ்சி, முந்தைய இரவே தண்ணீர் அருந்துவதை நிறுத்திவிடும் தாய்மார்கள் நம்மிடையே உள்ளனர். இருமினால், தும்மினால், மிளகு மூட்டையைத் தூக்கினால் சிறுநீர் கசியும். சுஜூதிலிருந்து எழும்போதும் கசியும். அதனாலேயே தராவீஹுக்கு வருவதை விட்டவர்களும் உண்டு.

அவர்கள் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? கசிவு ஓயாதவர் ஒவ்வொரு பர்ளுத் தொழுகைக்கும் நேரம் வந்தபின் சுத்தம் செய்து, உளூச் செய்து தொழலாம் என்கிறோம். இருமும்போது மட்டும் கசிபவர் உளூவைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறோம். சட்டம் சரியே. அத்துடன் நம் கடமை முடிந்ததாக எண்ணுவதே தவறு. சலுகை சிகிச்சை ஆகாது.

“இதைப் பேசுவது ஹயாவுக்கு முரண்” என்போர் சிந்திக்கட்டும். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமது நீங்காத உதிரப்போக்கை நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள், அண்ணலார் விளக்கமளித்தார்கள். மார்க்கத்தை அறிய அன்ஸாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாகவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டினார்கள்.

“வயதானால் அப்படித்தான், சபூர் செய்” என்போரும் கேட்கட்டும். பிரசவத்தால் தளர்ந்த இடுப்புத் தளத் தசைகள் பயிற்சியால் வலுப்பெறும். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இலேயே இதை எழுதினார். சிறுநீரையும் காற்றையும் ஒருசேர அடக்குவதுபோல் அத்தசையை உள்ளிழுத்து, சில விநாடிகள் நிறுத்தி, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கலாகாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கலாகாது. ஒரு வேளைக்கு 8 முறையேனும், நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதங்கள் செய்ய வேண்டும். இருமலுக்குச் சற்று முன் இறுக்கிக்கொண்டால் கசிவு குறையும். சிறுநீர் கழிக்கையில் இடையில் நிறுத்திப் பழகலாகாது. எரிச்சல், காய்ச்சல், இரத்தம் தென்பட்டால் தாமதியாமல் மருத்துவரைக் காண வேண்டும்.

இயன்முறைச் சிகிச்சையை இல்லத்திற்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் தமிழகத்தில் தொடங்கப்பட்டது. ஆனால், நோயை வாய்விட்டுச் சொல்லாதவருக்கு வீடு தேடி வருபவராலும் பயனில்லை. அந்த வாயை அடைத்தவர்கள் நாமே.

ஆகவே, பெண்கள் மதரஸாக்களில் உளூப் பாடத்துடன் இப்பயிற்சியையும் ஆலிமாக்கள் கற்பிக்கட்டும். கணவன்மார்கள் மூட்டையைத் தாமே சுமக்கட்டும்; மருத்துவமனைக்கு மனைவியருடன் செல்லட்டும்.

நம் தாய்மார்களுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், நமக்கு உண்மையைச் சொல்லும் துணிவையும் அருள்வானாக! ஆமீன்.