பக்தனுக்குப் ‘பராசக்தி’ ஆகாதா?



சாமி கும்பிடுகிறவனுக்குப் ‘பராசக்தி’ படம் எதற்கு என்கிறார்கள். அரும்பாவூரில் தேருக்கும் வாகனத்துக்கும் மரம் செதுக்குகிறவன் நான். 2020இல் புவிசார் குறியீடு பெற்றது எங்கள் ஊர் மரச்சிற்பம். வாகைக் கட்டையில் யாளியின் பல்வரிசையைச் சிற்றுளியால் எடுக்கும்போது செல்போனில் ஓடுவது அந்த 1952ஆம் வருடத்துப் படத்தின் நீதிமன்ற வசனம்தான். சில நாள் எம்.ஆர். ராதாவின் ‘ரத்தக்கண்ணீர்’. என் பக்தி துளியும் குறையவில்லை. ‘பராசக்தி’யில் தங்கையின் மானத்துக்காக நாயகன் குணசேகரன் தாக்கியது பூசாரியை, அம்மனை அல்ல. கோயிலுக்குள் நடக்கும் அநியாயத்தைக் கண்டு பக்தனுக்குத்தானே முதலில் கோபம் வர வேண்டும்? கல்லை வணங்குவதையே கேள்வி கேட்ட சிவவாக்கியரைச் சித்தர் என்று கும்பிடுகிறோம். ‘பராசக்தி’க்குக் கலைஞர் எழுதிய வசனத்தை மட்டும் ஏன் விரட்ட வேண்டும்? வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

— மரச்சிற்பி ஒருவர், அரும்பாவூர், பெரம்பலூர் மாவட்டம்