18 வயது நிறைந்தால் கையெழுத்து யாருடையது?

 

இம்மாதம் நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது, பல இல்லங்களில் கதவைச் சாத்திக்கொண்டு மட்டுமே பேசப்படும் ஒரு செய்தி. மனவளர்ச்சி குன்றிய மகனோ, மூளை முடக்குவாதத்தால் நடக்க இயலாத மகளோ உள்ள பெற்றோர், அப்பிள்ளையின் சிறுவயதில் ஏறி இறங்காத மருத்துவமனை இராது. ஓதிப் பார்க்காத ஹஜ்ரத்தும் இரார். அடையாள அட்டை வாங்கியிருப்பார்கள்; உதவித்தொகைக்கு மனுப் போட்டிருப்பார்கள். ஆனால் அப்பிள்ளைக்கு 18 வயது நிறையும் நாளை எதிர்பார்த்து ஆயத்தமாக இருக்கும் இல்லங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த நாளில் அப்படி என்ன நிகழ்ந்துவிடுகிறது? வீட்டிற்குள் ஒன்றுமே நிகழ்வதில்லை. காலையில் உம்மா ஊட்டிவிட்ட இட்லியைத் தின்றுவிட்டு, வழக்கம்போல் அவன் திண்ணையில் வந்து அமர்கிறான். சட்டத்தின் ஏட்டிலோ அவன் வயதுவந்த குடிமகன் ஆகிவிடுகிறான். 1875 ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டம், குறையுள்ளவர், குறையற்றவர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நேற்றுவரை அவனுக்காக வாப்பா இட்ட கையெழுத்து இன்று செல்லாது. வங்கியில் ‘காப்பாளர்’ என்ற பெயரால் உம்மா நடத்திவந்த கணக்கும் அப்படியே நின்றுபோகலாம்.

நம்மவர்கள் இவ்விடத்தில் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஃபிக்ஹு நூல்களில், பிள்ளை பருவம் எய்திவிட்டாலும் அறிவு முதிரவில்லையெனில் அவனது சொத்தின்மீது வலீயின் பொறுப்பு தொடர்கிறது. அதையே கேட்டு வளர்ந்த நாம், இந்நாட்டுச் சட்டமும் அவ்வாறே நம் பொறுப்பைத் தானாக நீட்டித்துத் தரும் என்று எண்ணிவிடுகிறோம். அது தானாக நீள்வதில்லை. கேட்டுத்தான் பெறவேண்டும். எப்படிக் கேட்பது என்பதைப் பின்னர் பார்ப்போம். அதற்கு முன் சான்றிதழைப் பற்றியும் உதவித்தொகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

மனவளர்ச்சிக் குறைபாட்டைப் பொறுத்தவரை, 2018 ஆம் ஆண்டில் நடுவணரசு வெளியிட்ட மதிப்பீட்டு விதிகள், 5, 10, 18 ஆகிய வயதுகளில் சான்றிதழைப் புதுப்பிக்கச் சொல்லின. 18 வயதில் பெறும் சான்றிதழே ஆயுள் முழுமைக்கும் செல்லும் என்றன. ஆகவே பத்து வயதில் வாங்கிய தாளைப் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பதால் மட்டும் பயனில்லை. 2021 ஜூன் முதல் சான்றிதழ் வழங்கும் பணி யு.டி.ஐ.டி. இணையதளத்தின் வழியாகவே நடைபெற்று வருகிறது. பழைய அடையாளப் புத்தகம் மட்டுமே கையில் உள்ளவர்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்குச் சென்று புதிய அட்டைக்கு வழிசெய்துகொள்ள வேண்டும்.

மருத்துவக் குழுவின் முன் நிற்கும் அந்த நாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பிள்ளைக்குப் புதுச்சட்டை அணிவித்து, தலை வாரி, அத்தர் பூசி அழைத்துச் செல்கிறோம். நல்லதுதான். மருத்துவர் கேட்கிறார்: “தானாகச் சாப்பிடுவாரா?” உம்மா சட்டென்று சொல்கிறார்: “சாப்பிடுவான் டாக்டர், எல்லாம் அவனே பார்த்துக்கொள்வான்.” பெற்ற மனம்! தன் பிள்ளையைப் பிறர்முன் குறைத்துச் சொல்ல நா எழுவதில்லை. ஆனால் உண்மை என்ன? சோற்றைப் பிசைந்து வைத்தால் உண்பான். மீனில் முள் எடுக்கத் தெரியாது. குளியலறைக்குள் செல்வான், வெந்நீரா தண்ணீரா என்று பார்த்துக் கலக்கத் தெரியாது. சட்டையை மாட்டிக்கொள்வான், பொத்தான் போடுவது நீங்கள். இவற்றையெல்லாம் சொல்லாமல் விழுங்கிவிட்டால், அவனது குறைபாட்டின் விழுக்காடு உள்ளதைவிடக் குறைவாகப் பதிவாகக்கூடும். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடுதான் எல்லைக்கோடு. கோட்டிற்கு இப்பால் நிற்பதா, அப்பால் நிற்பதா என்பதை உங்களது ஒரு வார்த்தையே தீர்மானித்துவிடலாம்.

எனவே செல்வதற்கு ஒரு வாரம் முன்பே, ஒரு நாள் முழுவதும் அவனுக்காக நீங்கள் செய்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சுப்ஹு முதல் இஷா வரை என்று எழுதினால் நமக்கு எளிது. இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பொய்யுரைத்து வாங்கும் பணம் நம் அடுப்பிற்கு வேண்டாம். ஆனால் வெட்கத்தால் ஒன்றைக் குறைத்துச் சொல்வதும் உண்மைக்குப் புறம்பானதுதானே?

அடுத்து உதவித்தொகை. தமிழகத்தில் இதற்கு இரு வாயில்கள் உண்டு. ஒன்று, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை. மனவளர்ச்சி குன்றியோர், தசைச்சிதைவு நோயுள்ளோர், கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் போன்றவர்களுக்கானது இது. 1,500 ரூபாயாக இருந்து பின்னர் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மற்றொன்று, வருவாய்த்துறையின் வழியாக வரும் மாதாந்திர ஓய்வூதியம். 2023 ஜனவரியில் இது 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. இதற்கு விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் பதியலாம். அதனைப் பரிசீலிப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியர். நடுவணரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் 18 வயது நிறைந்த, 80 விழுக்காடு பாதிப்புள்ள, வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளவர்களுக்கானது. (‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது, திட்டத்தின் பெயரில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

இங்கே ஓர் எச்சரிக்கை. இரு துறைகளிலும் ஒருவரே உதவித்தொகை பெற இயலாது. ‘பதினெட்டு ஆகிவிட்டது, தாலுகா ஆபீசில் எழுதிப் போடுங்கள்’ என்று யாரோ சொல்லக் கேட்டு, கையிலிருக்கும் பராமரிப்புத் தொகையை விட்டுவிட்டுக் குறைந்த தொகைக்கு ஓடவேண்டாம். எது கிடைக்கிறது, எது கூடுதல் என்று மாவட்ட நல அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே மாறுங்கள். புதியது வங்கியில் வந்து சேரும்வரை பழையதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கலாமா என்பதையும் அங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இடையில் இரண்டு மாதம் ஒன்றுமில்லாமல் போனால், மருந்துக்குக் கடன் வாங்குவது நீங்கள்தான்.

வாப்பா இரயில்வேயிலோ அஞ்சல்துறையிலோ பணிபுரிந்தவரா? அப்படியானால் குடும்ப ஓய்வூதிய விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற மகன்களுக்கு 25 வயதோடு முடிகிற அது, தானே பொருளீட்ட இயலாத குறையுள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் நீடிக்கும். பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே அப்பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்த்துவைக்க 2013 ஆம் ஆண்டிலேயே வழி செய்யப்பட்டுவிட்டது. தாம் மறைந்த பின் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று இதை ஒத்திவைக்கும் வாப்பாமார்களே, உங்கள் பணிப் பதிவேட்டின் எண்கூட அவர்களுக்குத் தெரியாது.

“அரசாங்கத்தில் போய்க் கை நீட்டுவதா? நமக்கென்ன குறை?” என்று கேட்கும் குடும்பங்களை நான் அறிவேன். இத்தொகை ஸதக்கா அன்று. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு, இத்தகையோருக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் வகுப்பதை அரசின் பொறுப்பாக்கியது. ஒத்த திட்டங்களில் மற்றவர்களுக்கு வழங்குவதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகத் தரவேண்டும் என்றும் சொல்கிறது. மானத்திற்கு அஞ்சி உரிமையை விடுவது உங்கள் விருப்பம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த உரிமை உங்களுடையதன்று, உங்கள் பிள்ளையுடையது!

மகளாக இருந்துவிட்டால் வேறொரு அச்சம் வந்து குறுக்கே நிற்கிறது. அட்டை வாங்கினால் ஊருக்குத் தெரியும், தெரிந்தால் மற்றப் பெண்களுக்குச் சம்பந்தம் வராது என்று, பதினைந்து, இருபது ஆண்டுகள் உள்ளறையிலேயே வைத்துவிடுகிறார்கள். சகோதரிகளே, தெருவில் எவருக்குத்தான் தெரியாது? தெரியாதது தாலுகா அலுவலகத்திற்கு மட்டுமே. மருமகனாக வரவிருப்பவரிடம் மறைத்து முடிக்கும் நிக்காஹ், அவர் அறியும் நாளில் என்ன ஆகும் என்றும் எண்ணிப் பாருங்கள்.

இனிக் கையெழுத்துக்கு வருவோம். முதலில் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்: எல்லோருக்கும் காப்பாளர் தேவையில்லை. பார்வையற்ற மகனுக்கோ, செவிப்புலன் குன்றிய மகளுக்கோ, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ புத்தியில் யாதொரு குறையுமில்லை. கணக்கு அவர்கள் பெயரில், கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ அவர்களுடையது. பார்வையற்றவர்களுக்குக் காசோலைப் புத்தகம் உட்பட எல்லா வசதிகளும் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008 இலேயே அறிவுறுத்திவிட்டது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கிற்கும் 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஒரு வழி வகுத்துள்ளது. மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழு, 18 வயது நிறைந்தவருக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்கும். நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். அச்சான்றை ஏற்றுக் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007 இல் வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. கிளையில் தயங்கினால் அதைச் சுட்டிக்காட்டுங்கள். இதே நான்கு வகையினருக்கு ‘நிராமயா’ என்ற ஒரு லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடும் உண்டு.

உம்மாமார்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இந்நாட்டில் வழங்கும் முஸ்லிம் சட்டத்தில், பிள்ளையின் சொத்திற்குத் தாய் இயல்பான காப்பாளர் அல்லர். வாப்பா மறைந்துவிட்டால், இருபது ஆண்டுகள் குளிப்பாட்டி ஊட்டி வளர்த்தவருக்கு ஒரு பத்திரத்தில் கையெழுத்திட உரிமை இராது. மேற்சொன்ன சட்டத்தின் கீழ் அவரே காப்பாளராக நியமனம் பெறலாம். வாப்பா இருக்கும்போதே இதை முடித்துவிடுவது நல்லது. வாரிசாகிய பிள்ளைக்கு, மற்ற வாரிசுகளின் இசைவின்றி வஸிய்யத்தால் கூடுதலாக ஒன்றும் எழுத இயலாது என்பதையும் நினைவில் வைத்து, கொடுக்க நினைப்பதை வாழ்நாளிலேயே ஹிபாவாகக் கைமாற்றிக் கொடுங்கள். உடன்பிறந்தவர்களையும் அழைத்து, அவர்களுக்குத் தெரிந்தே செய்யுங்கள்.

இவ்வளவு அலைச்சலிலும் நாம் மறந்துவிடும் ஒருவர் உண்டு, அந்தப் பிள்ளைதான். அறிமுகமான ஓர் இல்லத்தில், மனவளர்ச்சி குன்றிய பத்தொன்பது வயது மகனைப் படிவத்தின் முன் அமர்த்தி, “வாப்பா, இது உன் பணம். உம்மா உனக்காக வாங்கி வைக்கட்டுமா?” என்று கேட்டார்கள். அவன் நெடுநேரம் படிவத்தைப் பார்த்திருந்துவிட்டு, “பாதி எனக்கு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த உம்மா சிரிக்கவில்லை. அன்று முதல் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை அவன் கையிலேயே கொடுக்கிறார். அவன் அதை எண்ணத் தெரியாமல் எண்ணி, கடைக்குச் சென்று தனக்குப் பிடித்த பிஸ்கட்டைத் தானே கேட்டு வாங்குகிறான். மருத்துவமனைக்கும் அலுவலகத்திற்கும் அழைத்துச் செல்லுமுன் எங்கே போகிறோம், யார் என்ன கேட்பார்கள் என்று இரண்டு மூன்று நாள்கள் சொல்லிப் பழக்கினால், அங்கே சென்று மிரளாமல் இருப்பார்கள். பெயரை எழுதவும் பழக்குங்கள். கோணலாக இருந்தாலும் அது அவன் கையெழுத்து.

பணம் அவனுடையது என்றால், அதிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்கலாமா? அவன் உண்ணும் சோற்றிற்கும் அணியும் துணிக்கும் எடுப்பதில் தவறில்லை. சூரத்துந் நிஸாவின் தொடக்கத்தில் அநாதைகளின் பொருளுக்குப் பொறுப்பானவர்களைப் பற்றி வரும் இடத்தை ஒருமுறை பொருளுணர்ந்து ஓதிப் பாருங்கள். வசதியற்ற பொறுப்பாளர் நியாயமான அளவு எடுத்துக்கொள்ள அங்கே இடமுண்டு. காக்காவின் மோட்டார் சைக்கிள் தவணைக்கு எடுப்பது அந்த நியாயத்தில் அடங்காது.

தேசிய அறக்கட்டளைச் சட்டமும் இதில் கண்டிப்பானதே. காப்பாளராக நியமிக்கப்பட்ட ஆறு மாதத்திற்குள், அவருடைய சொத்து, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்திற்குள், அதாவது ஜூன் மாத இறுதிக்குள், கணக்குக் காட்ட வேண்டும். தாயே ஆனாலும் இதிலிருந்து விலக்கில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, உதவித்தொகை வந்த தேதியை ஒரு பக்கத்திலும் செலவை எதிர்ப் பக்கத்திலும் எழுதி வாருங்கள். மருந்துக்கடைச் சீட்டுகளை அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.