பேட்டுக்குள்ளே ஒரு மரம்!

"மச்சி, இது ஒரிஜினல் இங்கிலீஷ் வில்லோடா!" காலேஜ் டீம்ல யாராவது ஒருத்தர் இப்படி பீலா விடுவாங்க. சரி, அந்த வில்லோ மரத்தை நேர்ல காட்டினா கண்டுபிடிப்பீங்களா? அதுதான் இந்த வார மேட்டர்.

வில்லோ குடும்பம் ரொம்பப் பெரிசு. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைக்கரைகள்ல நிக்கிற ஆற்றுப்பாலை கூட இதுல ஒரு சொந்தக்காரர்தான். ஆனா பேட்டுக்கு உதவுறவர் இங்கிலாந்து மண்ணின் மைந்தன் வெள்ளை வில்லோ. அதுலயும் 'செருலியா'ன்னு ஒரே ஒரு வகை. லத்தீன்ல 'நீலம்'னு அர்த்தம்.

எப்படி அடையாளம் காண்றது?

இலை ஒல்லியா, நீளமா, ஓரத்துல பொடிப்பொடி பல்லோட இருக்கும். திருப்பிப் பாருங்க, அடிப்பக்கம் நீலம் கலந்த சாம்பல் நிறம். பேருக்குக் காரணம் அதுதான். கிளைகள் தொங்காம மேல்நோக்கிப் போகும். தூரத்துலேருந்து பார்த்தா கூம்பு மாதிரி ஒரு ஷேப். கிளை தரையைத் தொடுற மாதிரி தொங்குதா? அது அழுமூஞ்சி வில்லோ. குச்சியை லேசா வளைச்சதும் அடியில 'பட்'டுனு ஒடியுதா? அது கிராக் வில்லோ. இன்னொரு விஷயம்... வில்லோவுல ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. பேட் வில்லோ பெண் மரம்! விதை போட்டு வளர்க்கறதில்லை, கிளையை வெட்டி நடுறாங்க.

அப்புறம் வெயிட்டிங்தான். 15, 20 வருஷம். அதாவது நீங்க பொறந்தப்போ நட்ட மரம், நீங்க ஃபைனல் இயர் வரும்போதுதான் பேட் ஆகும்! அதுவரைக்கும் தண்டுல முளைக்கிற மொட்டையெல்லாம் வருஷா வருஷம் தேய்ச்சு எடுக்கணும். விட்டா மரத்துல முடிச்சு விழுந்துடும்.

வில்லன் நம்பர் 1: வாட்டர்மார்க் நோய்

1924-லயே டபிள்யூ.ஆர்.டே என்பவர் இதைப் பத்தி எழுதியிருக்கார். காரணம் 'பிரென்னேரியா சாலிசிஸ்' என்கிற பாக்டீரியா. வெயில் காலம் ஆரம்பிக்கும்போது உச்சியில ஏதோ ஒரு கிளையில மட்டும் இலை வாடி, செம்பழுப்பாகி, உதிராம தொங்கும். மரத்தை வெட்டினா உள்ளே ஈரக்கறை. காத்து பட்டதும் கறுத்துடும். அந்தக் கட்டை சட்டுனு நொறுங்கும், பேட்டுக்கு லாயக்கில்லை. மருந்தும் கிடையாது! மரத்தை வெட்டி, எரிச்சு, அடிக்கட்டையையும் ஒழிக்கணும். இல்லைன்னா அதுலேருந்து துளிர்க்கிற குருத்துலயும் நோய் இருக்கும். 14 வருஷம் காத்திருந்த விவசாயிக்கு எப்படி இருக்கும்? கடைசி செமஸ்டர்ல மொத்தப் பேப்பரும் அரியர் ஆன மாதிரி! நோயுள்ள மரத்துலேருந்து கிளை வெட்டி நட்டா புதுத் தோட்டமும் காலி. அதனால தாய்மரம் சுத்தமா இருக்கான்னு பார்க்கறதுதான் முதல் வேலை.

வில்லன் நம்பர் 2: ராட்சஸ அசுவினி

தண்டுல கூட்டம் கூட்டமா ஒட்டியிருக்கும். முதுகுல சுறா துடுப்பு மாதிரி ஒரு முள்ளு. நசுக்கினா விரல் சிவந்துடும். இதுல ஆண் பூச்சியை இதுவரை யாரும் பார்த்ததே இல்லை! எல்லாமே லேடீஸ், தன்னைத்தானே காப்பி எடுத்துக்கிற பார்ட்டிங்க. இது விடுற இனிப்புத் திரவத்துல கரும்பூஞ்சணம் படரும்.

வில்லன் நம்பர் 3: தேன் பூஞ்சை

வேரைத் தாக்கும். அடிமரத்துல பட்டையை உரிச்சா வெள்ளைப் படலம். மண்ணுக்குள்ள ஷூ லேஸ் மாதிரி கறுப்பு இழைங்க. பேர்ல மட்டும்தான் தேன்!

வேற கட்டையில பேட் செஞ்சா என்ன? 1979 டிசம்பர்ல பெர்த் டெஸ்ட்ல டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோட இறங்கினது ஞாபகமிருக்கா? (சீனியர்ஸைக் கேளுங்க!) அதுக்கப்புறம் பிளேடு மரத்துலதான் இருக்கணும்னு விதியே போட்டுட்டாங்க. எத்தனையோ மரம் இருந்தும், எடை கம்மி, அடி தாங்கும் என்கிற ரெண்டும் சேர்ந்து அமைஞ்சதால வில்லோதான் ராஜா. இல்ல இல்ல... ராணி!

அடுத்த தடவை பேட் வாங்கும்போது பிளேடுல சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளி இருந்தா பதறாதீங்க. மரம் உயிரோட இருந்தப்போ ஒரு குட்டிப் புழு தின்னுட்டுப் போன தடம் அது. கிரேடும் விலையும்தான் குறையும், சிக்ஸர் குறையாது. ஹாஸ்டல் பட்ஜெட்டுக்கு அதுதாங்க பெஸ்ட்!