லேப்டாப் வந்தது, பாடம் வரவில்லை

"இலவச லேப்டாப்பில் பசங்க படம்தான் பார்த்தாங்க". திருச்சி டீக்கடைகளில் இன்றைக்கும் ஓடும் வசனம் இது.

2011-ல் ஸ்ரீரங்கத்தில் ஜெயித்து முதல்வரான ஜெயலலிதா, அதே வருஷம் செப்டம்பரில் திட்டத்தைத் தொடங்கினார். பெட்டிக்குள் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கம்பைலர், எடிட்டர் எல்லாம் பைசா செலவில்லாமல் கிடைக்கிற சிஸ்டம். அதைத் திறந்து காட்ட ஆள்? பிளஸ் டூ புத்தகமோ 'ஐயோஸ்ட்ரீம் டாட் ஹெச்' என்றே ஆரம்பித்தது. 1998-ல் சி++ மொழிக்கு ஐ.எஸ்.ஓ. தரம் வந்தபோதே அந்த ஹெடர் ஃபைல் ஓரங்கட்டப்பட்டுவிட்டது. நம்ம ஊர் புத்தகத்துக்கு மட்டும் சேதி வரவில்லை. லேபில் டர்போ சி++ நீலத்திரை வேறு! 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடவே ஓடாது.

மைக்ரோசாஃப்டைத் திட்டுவது சுலபம் (திட்டவும் வேண்டும்தான்). ஆனால் கம்பெனி தன் சரக்கை விற்கும், அது அதன் பிழைப்பு. லட்சக்கணக்கில் லேப்டாப் வாங்கிய அரசுக்குப் பாடத்தை மாற்றத் தோன்றாததற்கு யார் பொறுப்பு? பிளஸ் டூ புத்தகத்துக்குள் பைத்தான் நுழைந்தது 2019-ல். எட்டு வருஷம்! முதல் லேப்டாப் வாங்கியவன் அதற்குள் டிகிரியும் முடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதோ ஒரு சென்டரில் காசு கட்டி ஜாவா படித்துக்கொண்டிருந்தான்.

படம் பார்த்தானாம்.